பூசையில் வைத்த ஐந்தாவது துப்பாக்கி

குலசேகரம் செய்தது சின்னப் பிழைதான். சரஸ்வதி பூசைக்கு எல்லோரும் அவரவர் தொழில் செய்யும் பொருளைக் கொண்டுவந்து வைத்தபோது, அவர் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஒக்டோபர் மாதம். ரெய்னர்ஸ் லேன் என்ற ஆங்கிலேயப் புறநகரில் அவருடைய வீட்டின் முன்னறையில், தெருவைப் பார்த்த யன்னலோரம் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மனைவி வசந்தமலர் தன் தையல் மெஷினை வைத்தாள். ரெய்னர்ஸ் லேனில் சேலை உடுக்கும் பெண்களில் பாதிப்பேரின் சட்டைகள் அந்த மெஷினில் பிறந்தவை. அவளுடைய அண்ணன் ஸ்ரீஸ்கந்தராஜா தன் டைப்ரைட்டரையும் தடித்த ஆங்கில அகராதியையும் வைத்தார். கவுன்சிலுக்கும் உதவிப்பணம் தரும் பெனிபிட் அலுவலகத்துக்கும் எங்கள் சனங்கள் அனுப்பும் கடிதங்களை எழுதிக் கொடுப்பவர் அவர். கடிதம் வெல்லாது போனாலும் ஆங்கிலம் வெல்லும் என்று பேர் எடுத்தவர்.

குலசேகரத்துக்கு வைக்க ஒன்றுமில்லை. அவர் ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் இருப்பவர். கல்லாவைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஏழு வருடமாக அவர் பூசைக்கு வைத்தது ஒரு குமிழ்முனைப் பேனா. அதிலும் பெற்றோல் கொம்பனியின் பெயர் அச்சிட்டிருக்கும். சரஸ்வதி அதைப் பார்த்து என்ன நினைத்தாளோ தெரியாது. வசந்தமலர் என்ன நினைத்தாள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வருடம் ஐந்தாவது துப்பாக்கி வீட்டுக்கு வந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. அவர் மேலே போனார், குழந்தையைத் தூக்குவதுபோல் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார், தையல் மெஷினுக்கும் அகராதிக்கும் நடுவில் கிடத்தினார். வசந்தமலர் மெஷினுக்குச் சந்தனம் வைத்த கையோடு துப்பாக்கிக்கும் வைத்து, நடுவில் குங்குமப் பொட்டும் இட்டாள்.

இந்தத் துப்பாக்கிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் ஊருக்கு ஊர் சுடும் சங்கங்கள் இருந்தன. விழா நாளில் பெரிய மனிதர்கள் கோட்டும் தொப்பியும் அணிந்து வந்து, பலகையில் வரைந்த வட்டத்தை நின்ற நிலையில் சுடுவார்கள். நடுவில் சுட்டவர் அந்த வருடத்துக்கு ராசா. ராசா எல்லோருக்கும் பியர் வாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே செய்த துப்பாக்கிகள் இவை. ஏழு கிலோ கனம். கன்னத்தை வைத்துக்கொள்ள மரத்தில் ஒரு மேடை, தோளில் கொளுவிக்கொள்ளப் பித்தளைக் கொக்கி, ஊசித் துளை வழியாகப் பார்க்க ஒரு சின்னக் கண். ஒரு தரத்துக்கு ஒரு ரவைதான். சுட்டபின் திறந்து, வெற்றுக் கோதை எடுத்து, இன்னொன்று வைத்து, மூடி, மூச்சை விட்டு, மறுபடி மூச்சைப் பிடிக்க வேண்டும். அதற்குள் யாரும் மனதை மாற்றிக்கொள்ளலாம்.

குலசேகரம் கொழும்பில் படவரைஞராக இருந்தவர். எண்பத்துமூன்று கலவரத்தோடு அங்கிருந்து புறப்பட்டவர். ஏன் இந்தத் துப்பாக்கிகளைச் சேர்க்கிறீர் என்று எட்டு வருடமாக எல்லோரும் கேட்டார்கள். ஐலிங்டனில் ஒரு பழம்பொருள் கடை யன்னலில் முதல் துப்பாக்கியைப் பார்த்ததாகவும், அதைக் கோடு கோடாக வரைய வேண்டும்போல் இருந்ததாகவும், வரைந்து முடித்தபின்னும் ஏதோ குறையாக இருந்ததால் வாங்கியதாகவும் அவர் சொல்வார். கேட்டவர்கள் அதற்குமேல் கேட்பதில்லை. ஒருமுறை இயக்கத்துக்கு வேண்டியவர்கள் இரண்டுபேர் கேள்விப்பட்டு வந்தார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள். "உதாலை ஒண்டும் செய்யேலாது அண்ணை" என்று சொல்லி, மனவருத்தத்தோடு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

முதல் நான்கும் குறையுள்ளவை. ஒன்றுக்கு ஊசிக்கண் இல்லை. ஒன்றின் மரம் பிளந்தது. ஒன்றின் கொக்கி போய்விட்டது. ஒன்றின் குழாயை யாரோ ஒரு பாவி வெட்டிக் குறைத்திருந்தான். ஐந்தாவதில் ஒரு குறையும் இல்லை. ஊசிக்கண் இருந்தது. மரத்தில் செதுக்கிய இலைகளும் ஒரு மானும் இருந்தன. மானின் கொம்பில் ஒரு கிளைகூட உடையவில்லை. ஆறு வருடம் தேடிக் கிடைத்தது.

பூசை முடிந்து, கடலையும் அவலும் கையில் வாங்கியபின்தான் வசந்தமலர் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு உதை என்னெண்டு பாவிக்கப் போறியள்?"

குலசேகரத்தின் வாயில் கடலை அப்படியே நின்றது.

பூசையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. அடுத்த நாள் விசயதசமி. மத்தியானத்துக்கு முன் எடுத்து ஒரு தரமாவது பாவிக்க வேண்டும். பிள்ளைகள் ஒரு பக்கம் படிப்பார்கள். கார் வைத்திருப்பவர் ஒரு சுற்றுப் போய் வருவார். பேனாவால் அவர் வருடா வருடம் ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார். இது பேனா அல்ல.

"பாவிக்காட்டி?" என்றார், தெரிந்துகொண்டே.

"பாவிக்காட்டி அந்த வருசத்துக்குள்ளை கையை விட்டுப் போயிடும். கணேசலிங்கம் சித்தப்பான்ரை லொறிக்கு என்ன நடந்தது? திறப்பைப் பூசையிலை வைச்சார். விடியக் காய்ச்சல் எண்டு படுத்தார். தைப்பொங்கலுக்கு லொறி இல்லை."

"லொறியை ஆமி பிடிச்சது."

"ஆர் பிடிச்சா என்ன? போனது போனதுதானே."

குலசேகரம் இவற்றையெல்லாம் நம்புகிறவர் அல்ல. ஆனால் எண்பத்திரண்டில் கொழும்பில் வேலை பார்த்த கந்தோரில் வைத்த பூசை அவருக்கு நினைவிருந்தது. தன் வரைகருவிப் பெட்டியை வைத்தார். மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறினார். அடுத்த ஆடிக்குள் பெட்டியும் கந்தோரும் கொழும்பும் கையை விட்டுப் போயின. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"ஒருக்கா விசையைத் தட்டிவிடும், மச்சான்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "டிக் எண்டு ஒரு சத்தம். பாவிச்சது பாவிச்சதுதானே."

"வெறுமையாத் தட்டினா உள்ளுக்கு ரவையை அடிக்கிற ஊசி முறிஞ்சிடும். நூறு வருசத்து ஊசி."

"புதுசு போடலாம்தானே?"

தன் தங்கையை மாற்றிப் புதிதாக ஒருத்தியைக் கட்டலாம்தானே என்று அவர் சொன்னதுபோல் குலசேகரம் அவரைப் பார்த்தார்.

"அதோடை இதுக்கு லைசென்ஸ் இல்லை. பழம்பொருள், அலங்காரத்துக்கு வைச்சிருக்கிறன் எண்டபடியாத்தான் லைசென்ஸ் இல்லாமல் விட்டிருக்கினம். பாவிக்க நினைச்சாலே அது அலங்காரம் இல்லை. கொண்டுபோயிடுவினம்."

"அப்ப பாவிச்சா அவங்கள் கொண்டுபோவாங்கள், பாவிக்காட்டி அதுவாப் போகும்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா, கணக்கைச் சரிபார்ப்பதுபோல். "நல்ல சாமானைத்தான் வைச்சிருக்கிறீர்."

"நீங்கள் அந்தப் பேனையையே வைச்சிருக்கலாம்" என்றாள் வசந்தமலர்.

விடிந்தது. குலசேகரம் ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டில் நின்றார். வசந்தமலர் குளித்து விளக்கேற்றி, மெஷினில் ஒரு துண்டுத் துணிக்கு நேராக ஒரு தையல் ஓட்டினாள். ஸ்ரீஸ்கந்தராஜா வந்து 'ஐயா' என்று ஆங்கிலத்தில் டைப் அடித்து, காற்புள்ளியும் போட்டார். பிறகு இரண்டுபேரும் குலசேகரத்தைப் பார்த்தார்கள். குலசேகரம் துப்பாக்கியைப் பார்த்தார். மணி பத்தரை.

வாசல் மணி அடித்தது. பொலிஸ்.

ஐம்பதைத் தாண்டிய வயதில், மெலிந்த, களைத்த முகமுள்ள ஒரு சார்ஜன்ட். பெயர் வெப் என்றார். இளம் கொன்ஸ்டபிள் ஒருவர் காரிலேயே இருந்தார். தெருவுக்கு எதிர்ப்புறத்தில் இருக்கும் ஒருவர் நேற்று மாலை தொலைபேசியில் பேசியதாக சார்ஜன்ட் வெப் சொன்னார். இந்த வீட்டில் ஒரு துப்பாக்கிக்கு முன் விளக்கு ஏற்றி, புகை போட்டு, மூன்றுபேர் கைகூப்பி நின்றதாகத் தகவல். திரையைக் கழுவப் போட்டிருந்தது அப்போதுதான் வசந்தமலருக்கு நினைவு வந்தது.

"உள்ளே வரலாமா?"

"வாங்கோ, இருங்கோ" என்றாள் அவள் தமிழில். தேத்தண்ணி வைக்கப் போனாள்.

குலசேகரத்துக்கு ஆங்கிலம் தெரியும். எந்த பம்ப் என்று கேட்பார், ரசீது வேண்டுமா என்று கேட்பார், துப்பாக்கிப் பட்டியல்களில் உள்ள சொற்கள் எல்லாம் தெரியும். ஆனால் சீருடையைக் கண்டால் அவ்வளவும் எங்கேயோ ஓடிவிடும். ஆகவே ஸ்ரீஸ்கந்தராஜா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவில் வந்து அமர்ந்தார். தான் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று சார்ஜன்டிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

குலசேகரம் கடைக்காரர் கொடுத்த காகிதங்களை எடுத்து வைத்தார். சார்ஜன்ட் வெப் கண்ணாடி போட்டு எல்லாவற்றையும் வாசித்தார். இந்த அளவு ரவை இப்போது செய்வதில்லை என்று கடைக்காரர் எழுதியிருந்தார். வீட்டில் ரவை இருக்கிறதா? இல்லை. வேறு துப்பாக்கிகள்? மேலே நான்கு. எல்லாம் இதே வகையா? ஓம், ஆனால் குறையுள்ளவை.

"அப்படியானால் இது ஓர் அலங்காரப் பொருள்" என்றார் சார்ஜன்ட் வெப். அவருக்கும் அப்படி முடிந்தால் நிம்மதிபோல் இருந்தது. மேசையைக் குனிந்து பார்த்தார். "இந்தச் சிவப்பு என்ன?"

"குங்குமம். மரியாதைக்கு வைப்பது" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"தையல் மெஷினிலும் இருக்கிறது. அகராதியிலும் இருக்கிறது."

"ஓம். எல்லாவற்றுக்கும் வைப்போம்."

"எல்லாவற்றுக்கும் என்றால்?"

தேத்தண்ணியும் கடலையும் கொண்டுவந்த வசந்தமலரிடம் ஸ்ரீஸ்கந்தராஜா திரும்பினார். "ஏன் வைக்கிறது எண்டு கேக்கிறார், பிள்ளை."

"நாங்கள் பாவிக்கிற சாமானுக்கு வைக்கிறது எண்டு சொல்லுங்கோ அண்ணை."

குலசேகரம் மேசைக்கு அடியில் அவர் காலை உதைத்தார். உதை சார்ஜன்டின் காலில் பட்டது. சார்ஜன்ட் மன்னிப்புக் கேட்டுக் காலை நகர்த்திக்கொண்டார்.

"நாங்கள் பாவிக்கும் பொருள்களுக்கு வைக்கிறோம்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா, அழகான ஆங்கிலத்தில்.

சார்ஜன்ட் வெப் வாயருகே கொண்டுபோன கோப்பையைத் திரும்ப வைத்தார். "இதை எப்போது பாவிக்கப் போகிறார்?"

"எப்ப பாவிக்கப் போறார் எண்டு கேக்கிறார்."

"இண்டைக்குத்தானே" என்றாள் வசந்தமலர். "பன்ரண்டு மணிக்கு முதல்."

"மச்சான்" என்றார் குலசேகரம். "உதைச் சொல்லாதையும்."

"அவர் கேட்டால் நான் சொல்லத்தானே வேணும். நான் ஒரு சொல்லும் குறைக்கிறேல்லை எண்டு சொன்னனான்." அவர் சார்ஜன்ட் பக்கம் திரும்பினார். "இன்றைக்கு. நண்பகலுக்கு முன்."

சார்ஜன்ட் வெப் மணிக்கூட்டைப் பார்த்தார். குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். பத்து ஐம்பது என்று எழுதினார்.

அவர் அதட்டவில்லை. களைத்த குரலில் ஒவ்வொன்றாக விளக்கினார். ஒருவர் பழைய துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவைத்தால் சட்டத்துக்கு ஆட்சேபணை இல்லை. அதைப் பாவிக்க நினைத்தால் அது சாதாரணத் துப்பாக்கி. சாதாரணத் துப்பாக்கிக்குக் காகிதம் வேண்டும். இவரிடம் காகிதம் இல்லை. ஆகவே ஐந்தையும் காரில் ஏற்ற வேண்டிவரும். அல்லது, இதை ஒருநாளும் பாவிக்கப் போவதில்லை என்று இப்போது ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வைத்தால், அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்.

"நான் டைப் அடிச்சுத் தாறன்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. 'ஐயா' என்று அடித்த தாள் டைப்ரைட்டரில் தயாராக இருந்தது.

"வேண்டாம்" என்றாள் வசந்தமலர்.

மூன்றுபேரும் அவளைப் பார்த்தார்கள்.

"விசயதசமியிலை, பூசை மேசைக்கு முன்னாலை இருந்துகொண்டு, இதை ஒருநாளும் பாவியன் எண்டு எழுதிக் குடுக்கிறதோ? அப்பிடியெண்டா நேற்று ஏன் வைச்சனீங்கள்? சாமிக்குப் பகிடியோ? அந்தப் பொம்பிளை என்னெண்டு நினைப்பா?" அந்தப் பொம்பிளை என்றது சரஸ்வதியை.

"மலர், நீர் கொஞ்சம் சும்மா இரும். இவர் கொண்டுபோகப் போறார்."

"நீங்கள் கையெழுத்து வைச்சாலும் போகும். இவர் கொண்டுபோகாட்டி வேறை ஆரும் கொண்டுபோவினம். ஆறு வருசம் அலைஞ்சது நீங்கள். நான் உங்களுக்காகத்தான் சொல்லுறன்."

கடைசி வசனத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. எட்டு வருடத்தில் இந்தத் துப்பாக்கிகளைப் பற்றி அவள் சொன்னது, மேலே தூசு தட்டும்போது இடிக்கிறது என்பது மட்டுந்தான். ஆறு வருடம் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"அவர்கள் என்ன பேசுகிறார்கள்?" என்றார் சார்ஜன்ட் வெப்.

"கையெழுத்து வைத்தால் தெய்வக் குற்றம், வைக்காவிட்டால் அரச குற்றம். இதுதான் சுருக்கம்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "விரித்தும் சொல்லலாம்."

"வேண்டாம்." சார்ஜன்ட் வெப் கண்ணாடியைக் கழற்றி மூக்கைப் பிடித்துவிட்டார். பிறகு, முதல் முறையாக, ஸ்ரீஸ்கந்தராஜாவை விட்டுவிட்டு நேரே குலசேகரத்தைப் பார்த்துக் கேட்டார். "நீங்கள் இதை வாங்கி மூன்று கிழமை என்று காகிதத்தில் இருக்கிறது. இந்த மூன்று கிழமையும் இதை வைத்து என்ன செய்தீர்கள்?"

இது குலசேகரத்துக்குத் தெரிந்த விஷயம்.

"பாக்கிறனான்" என்றார் தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "பார்ப்பேன், சேர்" என்றார்.

"பார்ப்பீர்கள்."

"வேலையால் வந்து, கை கழுவி, பார்ப்பேன். ஒவ்வொரு நாளும்."

"சுவரிலா?"

"இல்லை, சேர். உள்ளே."

சார்ஜன்ட் வெப் குறிப்புப் புத்தகத்தை மூடவில்லை. "காட்டுங்கள்" என்றார்.

குலசேகரம் எழுந்து, மேசைக்கு முன் ஒரு கணம் நின்று, துப்பாக்கியை எடுத்தார். துணியால் சந்தனத்தைத் துடைத்தார். குங்குமம் மானின் கொம்புக் கிளைகளுக்குள் இறங்கியிருந்தது. துடைக்கத் துடைக்க இன்னும் உள்ளே போனது. அவர் விட்டுவிட்டார். வெளிச்சம் தேடிப் பழக்கதோஷத்தில் துப்பாக்கியைத் தெரு யன்னல் பக்கம் திருப்பினார்.

"அந்தப் பக்கம் வேண்டாம்" என்றார் சார்ஜன்ட் வெப் அவசரமாக.

எல்லோரும் குசினிக்குப் போனார்கள். அங்கே தோட்டத்தைப் பார்த்த யன்னலில் வெயில் அடித்தது. அடுப்பில் சோறு கொதித்தது. குலசேகரம் விசைக்குக் கீழிருந்த நெம்பை மெல்லக் கீழே தள்ளினார். அடிப்பக்கத்தில் குழாயை அடைத்திருந்த இரும்புக் கட்டை ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியது. துப்பாக்கியின் வாயைத் தோட்டத்து வானத்துக்குக் கொடுத்து, அடிப்பக்கத்தில் கண்ணை வைத்தார். வைத்ததும், வழக்கம்போல், எல்லோரையும் மறந்துபோனார்.

ஒரு நிமிடம் போனது. சோற்றுப் பானையின் மூடி ஆடியது.

"எவ்வளவு நேரம் பார்ப்பார்?" என்று சார்ஜன்ட் வெப் ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது. என் தங்கை அரை மணி என்கிறாள்."

"நான் பார்க்கலாமா?"

குலசேகரம் துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்க, சார்ஜன்ட் வெப் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். குழாயின் அந்த முனையில் வெளிச்சம் ஒரு வெள்ளிக்காசுபோல் நின்றது. அதிலிருந்து மெல்லிய கோடுகள் புறப்பட்டு, சுவரைத் தழுவிச் சுழன்று சுழன்று அவருடைய கண்வரை வந்தன. நூறு வருடத்துக்கு முன் யாரோ கையால் வெட்டிய கோடுகள். ஒன்றை ஒன்று தொடவில்லை. ஒன்றும் பிந்தவில்லை.

அவர் நிமிரச் சற்று நேரம் எடுத்தது.

"இதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை?"

"பிறகு எண்ணெய் போட்டு மூடுவேன், சேர்."

"இன்றைக்கு நண்பகலுக்கு முன் செய்ய வேண்டியதும் இதுதானா?"

ஸ்ரீஸ்கந்தராஜா தங்கையிடம் கேட்டார். வசந்தமலர் துப்பாக்கியைப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"நான் பார்த்திட்டுத்தான் சொல்லுவன்."

எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் குனிந்தாள். குலசேகரம் தன் தோளால் துப்பாக்கியைத் தாங்கினார். அவள் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டாள்.

"சுத்துது" என்றாள் உள்ளேயிருந்து. "நூல் பிடிச்ச மாதிரி. எங்கையும் பிசகேல்லை." பிறகும் கண்ணை எடுக்கவில்லை. சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. ஒருவரும் போகவில்லை. கடைசியில் ஸ்ரீஸ்கந்தராஜா போய் அடுப்பைக் குறைத்தார்.

"இது பாவிக்கிறதுதான்" என்றாள் அவள் நிமிர்ந்து. "சொல்லுங்கோ அண்ணை. அவர் ஒவ்வொரு நாளும் இதைத்தான் பாவிச்சவர், இண்டைக்கும் பாவிச்சிட்டார். இனிப் பயமில்லை."

ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னார்.

சார்ஜன்ட் வெப் புத்தகத்தில் நீண்ட நேரம் எழுதினார். குலசேகரம் தலைகீழாக எட்டி வாசித்தார். உரிமையாளர் பொருளைப் பார்க்கிறார் என்று இருந்தது. அதற்கு முன் என்ன எழுதுவது என்று தெரியாமல் சார்ஜன்ட் இரண்டு சொற்களை வெட்டியும் இருந்தார். வாக்குமூலம் தேவையில்லை என்றார். திரையை மட்டும் இன்றைக்கே போடச் சொன்னார். தொப்பியை எடுத்தார், கதவுவரை போனார், அங்கே நின்று திரும்பினார்.

"மேலே உள்ள நான்கும் இப்படித்தான் இருக்குமா?"

"ஒன்றின் குழாயை வெட்டிவிட்டார்கள், சேர்" என்றார் குலசேகரம். அவருடைய ஆங்கிலம் முழுவதும் திரும்பி வந்திருந்தது. "அதிலே சுற்று முடியாமல் நிற்கும். மற்ற மூன்றின் குழாயும் நல்லது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிச் சுற்றும்."

மணி பதினொன்று நாற்பது. சார்ஜன்ட் வெப் கதவைத் திறந்து, காரில் இருந்த இளம் கொன்ஸ்டபிளைக் கை காட்டிக் கூப்பிட்டார். எதிர்வீட்டுத் திரை ஆடியது. கொன்ஸ்டபிள் இடுப்பு வாரைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார்.

"ஏதும் பிரச்சினையா, சார்ஜ்?"

"இல்லை. காலைத் துடைத்துக்கொண்டு வா" என்றார் சார்ஜன்ட் வெப். "மேலே போகிறோம்."

வசந்தமலர் இன்னும் இரண்டு கோப்பை எடுக்கப் போனாள்.